வேலுவுக்கும் கயலுக்கும் என்ன பாட்டு?

வேலு, கயல் என்ற இரண்டு கபடி ஆட்டக்காரர்களின் காதலைச் சொன்ன என் தொடர்கதை சென்ற மாதம் இந்த இதழில் நிறைவடைந்தது. அதைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாட்டு பற்றியவற்றை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். கதையில் நான் ஒரு பாட்டின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இருந்தும் இத்தனை பேருக்குப் பாட்டு கேட்டிருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

வேலு முதன்முதலாக மைதானத்தில் இறங்கும் அத்தியாயத்தைப் படித்தபோது என் மனதில் ஓர் அதிரடிக் குத்துப்பாட்டு ஓடியது. நீங்கள் எந்தப் பாட்டை நினைத்து எழுதினீர்கள்?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

தம்பி, குத்துப்பாட்டு கூட்டத்துக்கு உரியது. மின்னொளி கபடிப் போட்டியில் அணி உள்ளே வரும்போது ரேடியோ செட்காரர் அப்படி ஒன்றைத்தான் போடுவார், போடவும் வேண்டும். ஆனால் வேலு நடுக்கோட்டை நெருங்கிய பிறகு அவன் காதில் எந்தப் பாட்டும் விழாது. அவன் வாய்தான் பாடிக்கொண்டிருக்கும். கோட்டைத் தாண்டுமுன்பே 'கபடி, கபடி' என்று தொடங்கி, நடுவருக்குக் கேட்கும்படி, இடையில் நிற்காமல் சொல்லிக்கொண்டே, இன்றைய விதிப்படி 30 விநாடிக்குள் எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். சொல் அறுந்தால் ரெய்டு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகும் அந்த முறை, முடிந்தது. என் அண்ணன் மன்னார்குடிப் பக்கத்து அணிகளில் ஆடியவர். அவர் குளத்துப்படியில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துப் பழகுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ரெய்டர் என்றாலே எனக்கு மூச்சுதான் முதலில் நினைவுக்கு வரும்.

அதனால் வேலுவுக்கு நான் வைத்துக்கொண்ட பாட்டு 'மண்ணில் இந்தக் காதலன்றி'. 1990-ல் வந்த 'கேளடி கண்மணி' படத்தில் இளையராஜாவின் இசையில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடியது. பாவலர் வரதராசன் எழுதியது. அதன் சரணத்தில் பாடகர் மூச்சு வாங்குவதே தெரியாமல் வரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். கேட்கும் நாமும் நம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். நல்ல ரெய்டைப் பார்க்கும் கூட்டமும் அப்படித்தான் இருக்கும். காதலைச் சொல்லும் பாட்டுகள் ஆயிரம் உண்டு. காதலைச் சொல்வதற்கு உடம்பு படும் பாட்டையும் சேர்த்துக் கேட்க வைக்கிற பாட்டு இது. வேலுவின் சுபாவமும் அதுதான். சாதாரண நேரத்தில் அவனுக்கு இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. பேருந்து நிலையத்தில் கயலிடம் மனதைத் திறக்கும் இடத்தில் மட்டும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போவான். அந்தப் பகுதியை மீண்டும் புரட்டிப் பாருங்கள். அவன் பேச்சு முடியும்வரை ஒரு முற்றுப்புள்ளிகூட வைத்திருக்க மாட்டேன். அந்தச் சரணத்தைக் கேட்டுக்கொண்டே எழுதிய பகுதி அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சடுகுடு என்று சொல்லி ஆடிய காலத்தில் பாடிக்கொண்டு போவதற்கென்றே பாட்டுகள் இருந்தன. ஊருக்கு ஊர் சொல் மாறும். எங்கள் பக்கத்தில் நான் கேட்டது: 'வெள்ளிச் சிலம்பெடுத்து விளையாட வாரேன், தங்கச் சிலம்பெடுத்துத் தாலிகட்ட வாரேன்.' எதிரணியைப் பார்த்து வீரம் பேசிக்கொண்டு போகிறவன் இரண்டாவது அடியில் கல்யாணத்துக்கு வந்துவிடுகிறான்! விளையாட்டுக் காதல் கதை ஒன்றை எழுதலாம் என்று எனக்கு முதலில் தோன்றியதே இந்த இரண்டு அடிகளால்தான்.

கயலுக்குப் பொருத்தமான பாட்டு 'சிங்கப்பெண்ணே' என்று நானும் என் தோழிகளும் முடிவு செய்திருக்கிறோம். ஒப்புக்கொள்கிறீர்களா?
– உடற்கல்வி ஆசிரியை, மதுரை

'பிகில்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்து, விவேக் எழுதிய அந்தப் பாட்டு 2019-ல் வந்ததிலிருந்து பெண்கள் ஓடும், குதிக்கும் எந்த மைதானத்திலும் ஒலிக்கிறது. உங்கள் மாணவிகள் அதைக் கேட்டு நிமிர்ந்து நிற்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அந்த மரியாதை அதற்கு உண்டு. ஆனால் அது ஒரு பெண்ணைப் பார்த்து மற்றவர்கள் பாடுவது. கயல் தனக்குள் பாடிக்கொள்ளும் பாட்டு எது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். இடது கார்னர், அதாவது தடுக்கும் அணியின் இடது ஓரம். ரெய்டர் பாடிக்கொண்டு வருவார், கார்னர் வாய் திறக்காமல் அவர் காலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பிடிக்கும் கணம் வரும்வரை பார்ப்பதுதான் அவள் ஆட்டம். இப்படிப் பார்த்துக்கொண்டே நின்ற ஒருத்தியை நான் புறநானூற்றில் கண்டேன். உறையூரைச் சேர்ந்த பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். அவர் மனம் வைத்தது சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் மற்போர் வீரன் மீது. தந்தை தித்தனோடு மனம் மாறுபட்டு ஊரைவிட்டு வெளியேறி, ஆமூரில் ஒரு மல்லனோடு பொருது வென்றவன் அவன். அந்தப் போட்டியைச் சாத்தந்தையார் என்ற புலவர் 80 முதல் 82 வரையுள்ள பாட்டுகளில் பாடியிருக்கிறார். ஒரு கால் எதிரியின் மார்பில் மண்டியிட்டிருக்க, மற்றொரு கால் முதுகுப்புறம் வளைத்துப் பிடித்திருக்கிறது என்று பிடியை அப்படியே காட்டுகிறார். நேர்முக வர்ணனை என்றால் அதுதான். அடுத்து வரும் 83, 84, 85 மூன்றும் நக்கண்ணையாருடையவை. என் கயல் முழுக்க முழுக்க அந்த மூன்று பாட்டுகளிலிருந்து வந்தவள்.

'புற்கை உண்டும் பெருந்தோளன்னே' என்கிறார் 84-ல். கூழைக் குடித்தும் அவன் தோள் பெரியதாகவே இருக்கிறது. பயிற்சி முடிந்து நீராகாரம் குடித்துவிட்டு வேலைக்குப் போகும் வேலுவைக் கயல் எப்படிப் பார்க்கிறாள் என்பதற்கு இதைவிட ஒரு வரி எனக்குக் கிடைக்கவில்லை. 83-ல் வளையல் கழன்றுவிடுவதைப் பார்த்தால் தாய் கண்டுபிடித்துவிடுவாளே என்று அஞ்சுகிறார். அவன் தோளைத் தழுவலாம் என்றால் அவைக்கு நாணுகிறார். 85 இன்னும் அருமை. வெற்றி அவனுக்கே என்கிறது ஒரு கூட்டம், இல்லை என்கிறது இன்னொரு கூட்டம். அவரோ சிலம்பு ஒலிக்க ஓடி, வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, தம் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்: 'யான் கண்டனன் அவன் ஆடு ஆகுதலே.' அவன் வென்றதை நான் பார்த்தேன். அவ்வளவுதான் பாட்டு. இறுதிப் போட்டியன்று மாமா கேலரியில் உட்கார்ந்திருப்பதால் கயல் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நின்று பார்க்கிறாளே, அங்கே அவள் சாய்ந்திருந்தது அந்தப் பனைமரத்தில்தான்.

'வளையோசை கலகலவென' பாட்டுக்கும் உங்கள் கதையில் வரும் வளையலுக்கும் தொடர்பு உண்டா? பேருந்துக் காட்சி வந்ததுமே எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.
– இல்லத்தரசி, கும்பகோணம்

உண்டு, நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். 1988-ல் 'சத்யா'வுக்காக இளையராஜா இசையமைத்து எஸ்.பி.பி.யும் லதா மங்கேஷ்கரும் பாடிய பாட்டு. வரிகள் வாலியுடையவை. பேருந்தில் போகும் எந்தக் காதலுக்கும் அதுவே பின்னணியாகிவிட்டது. ஆனால் கபடியில் நகை எதுவும் அணியக்கூடாது, நகத்தைக்கூட ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மைதானத்துக்குள் போகுமுன் கயல் வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வேலுவிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஆட்டம் முடியும்வரை ஓசை அவன் சட்டைப்பையிலிருந்துதான் வருகிறது. ஆகவே அது வேலுவின் காதுக்கான பாட்டு. நக்கண்ணையாருக்குத் தானாகக் கழன்ற வளையலை என் கயல் தன் கையாலேயே கழற்றுகிறாள். இந்த வேறுபாட்டுக்காகத்தான் அந்தக் காட்சியையே எழுதினேன்.

கதையில் வரும் ஞானம் மாஸ்டருக்கு என்ன பாட்டு?
– வாசகர், ஈரோடு

'மயக்கமா கலக்கமா.' 'சுமைதாங்கி', 1962. கண்ணதாசன் வரிகள், பி.பி.ஸ்ரீனிவாஸ் குரல். வாய்ப்பு கிடைக்காமல் சோர்ந்துபோய்ச் சென்னையைவிட்டே கிளம்ப நினைத்த வாலியை, ஸ்ரீனிவாஸ் பாடிக்காட்டிய இந்தப் பாட்டுதான் நிறுத்தியது என்று வாலியே சொல்லியிருக்கிறார். முழங்கால் போன பிறகும் மாஸ்டர் தினமும் விடியற்காலையில் விசிலோடு வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

திரைப்படங்களில் ஒரே பாட்டு ஒரு விளையாட்டு வீரரை முழுதாகச் சொல்லிவிட்ட உதாரணம் ஏதேனும்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்

2024-ல் வந்த 'லப்பர் பந்து'. தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. இசை ஷான் ரோல்டன். ஆனால் தினேஷ் நடித்த கெத்து என்ற மட்டையாளர் களமிறங்கும்போது ஒலிப்பது இளையராஜாவின் பழைய பாட்டு, 1989-ல் வந்த 'பொன்மனச் செல்வன்' படத்தின் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்'. கெத்து ஒரு விஜயகாந்த் ரசிகர். அந்த ஒரு பாட்டிலேயே அவர் எந்த வயதுக்காரர், யாருடைய படம் பார்த்து வளர்ந்தவர், ஊர் அவரை எப்படிக் கொண்டாடுகிறது என்பதெல்லாம் வந்துவிடுகிறது. மகள் கல்யாண வயதுக்கு வந்த பிறகும் மட்டையைக் கீழே வைக்க மனமில்லாதவர் என்பதும்தான். பாத்திரத்தை வர்ணிக்கும் பாட்டாக இயக்குநர் ஒன்றைப் புதிதாகச் செய்யச் சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் தானே தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய பாட்டை எடுத்தார். கதை எழுதுகிறவர்கள் பாட்டு தேடும்போது இந்தப் படத்தைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் கதாநாயகன் எந்தப் பேருந்தில் போனான், எந்த டீக்கடையில் நின்றான், அங்கே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று முதலில் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டு அவன் காதில் விழுந்தே இருக்காது.

நானும் ஒரு தடகள வீராங்கனையைப் பற்றிக் காதல் நாவல் எழுதுகிறேன். அத்தியாயத் தொடக்கத்தில் சினிமாப் பாட்டு வரிகளைப் போடலாமா?
– புதிய எழுத்தாளர், புதுச்சேரி

பாட்டின் பெயரையும் படத்தின் பெயரையும் சொல்ல யாரும் தடுக்க முடியாது. வரிகளை எடுத்துப் போடுவது வேறு விஷயம். இந்தியச் சட்டப்படி எழுதியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-ல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1959-ல் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகளுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. பாரதியாருக்கும் தடையில்லை. சங்கப் பாட்டும் நாட்டார் பாட்டும் எல்லோருக்கும் பொது. ஓட்டக்காரிக்கு என்றால், உங்கள் வட்டாரத்தில் வயதான பெண்களிடம் கேட்டு விளையாட்டுப் பாட்டுகளைச் சேகரியுங்கள். அச்சில் வராதவை இன்னும் நிறைய இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட சினிமா வரி இல்லாமல் அத்தியாயம் நிற்காது என்றால், உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அதன் நகல் ஒன்றைப் பதிப்பாளரிடமும் கொடுத்துவிடுங்கள்.