கையில் பொருளே இல்லாமல் எதை விற்பாள்?

அன்புள்ள ஐயா,

"ஜவுளி என்றால் விரித்துக் காட்டலாம், தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். சேவையை எதைக் காட்டி விற்பது? எம்பிஏ முடித்துவிட்டு என் பெண் வீடு வீடாக ஏறி இறங்கப் போகிறாளா?" என்று கேட்டிருந்தீர்கள். ஈரோட்டில் ஜவுளிக் கடை நடத்துபவருக்கு வரவேண்டிய சந்தேகம்தான். அவள் படிக்க ஆசைப்படும் சேவை மார்க்கெட்டிங் பாடமும் இதே கேள்வியில்தான் தொடங்குகிறது.

உங்கள் கடையில் வாங்கிய புடவையில் இழை விட்டிருந்தால் மாற்றிக் கொடுத்துவிடுவீர்கள். கண்புரை ஆபரேஷனை அப்படி மாற்றித் தர முடியாது. செய்யும்போதே அது நோயாளியிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. முன்கூட்டியே செய்து அடுக்கி வைக்கவும் வழியில்லை, மீந்ததை ஆடித் தள்ளுபடியில் தள்ளவும் வழியில்லை. செவ்வாய் இரவு சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் ஆம்னி பஸ்ஸில் ஒரு சீட் காலியாகப் போனால் அந்தக் காசு போனதுதான். தீபாவளிக்கு முந்தைய நாள் அதே சீட்டுக்கு அடிபிடி. ஓட்டல், விமானம், ஸ்கேன் சென்டர் எல்லோருக்கும் இதே பாடுதான். எந்த நாளுக்கு என்ன விலை வைப்பது, கூட்டத்தை எப்படிப் பிரித்து வரவழைப்பது என்று கணக்குப் போட ஆள் வேண்டும்.

பொருளை விற்க நான்கு விஷயம் போதும் என்பார்கள்: பொருள், விலை, கிடைக்கும் இடம், விளம்பரம். சேவைக்கு இன்னும் மூன்று வேண்டும் என்று 1981-ல் பூம்ஸ், பிட்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்த்தார்கள். செய்து தரும் ஆட்கள், அது நடக்கும் முறை, வருபவர் கண்ணில் படும் அடையாளங்கள். வரவேற்பறையின் சுத்தம், சீருடை, புரியும்படி அச்சிட்ட பில் எல்லாம் அந்த மூன்றாவதில் அடங்கும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி உங்கள் மகள் அவசியம் படிக்க வேண்டும். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கிராமங்களில் முகாம் போட்டு, புரை இருக்கிறது, ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. விசாரித்தால் பஸ் காசு, சாப்பாட்டுச் செலவு, கூலி போய்விடும், துணைக்கு ஆள் கிடையாது, கண்ணில் கத்தி வைப்பார்களே என்ற பயம். எத்தனை நோட்டீஸ் அடித்தாலும் இது தீருமா? வண்டி வைத்துக் கூட்டி வந்து, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். பலர் சேர்ந்து வந்ததில் ஒருவருக்கொருவர் தைரியம். ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் அதே கவனம்: ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுத்ததால், டாக்டரால் மட்டுமே முடிகிற வேலையை டாக்டர் பார்த்தால் போதும் என்று ஆயிற்று. இதில் எது மார்க்கெட்டிங், எது நிர்வாகம் என்று யாராலும் கோடு கிழிக்க முடியாது. இந்த வேலையை நான் மதிப்பது அதனால்தான்.

சென்னை ஐஐடியில் படித்து அமெரிக்காவில் பேராசிரியரான ஏ. பரசுராமன், இரண்டு சகாக்களோடு சேர்ந்து சேவையின் தரத்தை அளக்கும் முறை ஒன்றை 1988-ல் வெளியிட்டார். வாடிக்கையாளர்கள் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்ப்பது, சொன்னதைச் சொன்னபடி செய்கிறார்களா என்பதைத்தான் என்று அவர்கள் ஆய்வு காட்டியது. உங்கள் கடை அனுபவமும் அதைத்தான் சொல்லும் என்று நினைக்கிறேன்.

இனி நடைமுறைக்கு வருவோம். எம்பிஏ நுழைவுத் தேர்வுகளான டான்செட் (TANCET), கேட் (CAT) இரண்டையுமே எழுதட்டும். கல்லூரி விளம்பரத்தில் பாடப்பிரிவின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். முந்தைய வருட மாணவர்கள் எந்த நிறுவனத்தில், எந்தப் பொறுப்பில் சேர்ந்தார்கள் என்று அந்த மாணவர்களிடமே கேளுங்கள். கோடை இன்டர்ன்ஷிப்புக்கு ஏசி அறையில் பிரசன்டேஷன் செய்யும் இடத்தைத் தேடாமல், ஆஸ்பத்திரியிலோ வங்கிக் கிளையிலோ விசாரணைக் கவுன்டரில் உட்காரட்டும். புகார் நோட்டைப் புரட்டி, ஒரே புகார் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடித்து நான்கு பக்கம் எழுதட்டும். நேர்முகத் தேர்வில் அந்த நான்கு பக்கம் பேசும்.

ஏறி இறங்குவது பற்றி. இன்சூரன்ஸ், வங்கி, கல்வி நிறுவனங்களில் ஆரம்பத்தில் வெளி வேலை இருக்கத்தான் செய்யும், மறைக்க விரும்பவில்லை. ஆட்களை நேரில் பார்த்துப் பேசாமல் இந்தத் தொழில் பிடிபடாது. ஆனால் "மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்" என்ற பெயரில் வெறும் கமிஷனுக்கு அலைய விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நிலையான சம்பளம் எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு, டார்கெட் எட்டாவிட்டால் என்ன, வெளியூர்ப் பயணத்துக்கு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று பணம் கேட்டால் அந்த இடமே வேண்டாம்.