ஏ380 படித்தால் டுபாயில் வேலை நிச்சயமா?

கேள்வி: என் மகன் கணிதப் பிரிவில் உயர்தரம் முடித்துவிட்டு விமானப் பராமரிப்புப் படிக்க ஆசைப்படுகிறான். கொள்ளுப்பிட்டியில் உள்ள ஒரு ஏஜென்சியில் விசாரித்தோம். டுபாயின் எமிரேட்ஸ் விமான சேவை நூற்றுக்கணக்கில் விமானங்களுக்கு ஓடர் கொடுத்திருக்கிறது, அங்கே எயார்பஸின் நான்கு என்ஜின் பெரிய விமானமான ஏ380 தெரிந்தவர்களுக்குத்தான் மதிப்பு என்று சொல்லி, 28 லட்சத்துக்கு ஒரு ஏ380 கோர்ஸில் சேரச் சொல்கிறார்கள். 3 லட்சம் முற்பணம் கட்டிவிட்டோம். மகனின் பாஸ்போர்ட்டும் அவர்களிடம் இருக்கிறது. மீதிக் காசுக்கு மனைவியின் நகையை அடகு வைக்க வேண்டும். இந்த விமானத்துக்கு எதிர்காலம் இருக்கிறதா? - வெள்ளவத்தையிலிருந்து ஒரு தந்தை.

பதில்:

நகையை அடகு வைக்க வேண்டாம். இதை முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்து மீதியை வாசியுங்கள்.

ஏஜென்சி சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் பெற்றோர் இலகுவாக நம்பிவிடுகிறார்கள். எமிரேட்ஸ் நூற்றுக்கணக்கில் ஓடர் கொடுத்திருப்பது சரி. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு ஏ380 கூட இல்லை, இருக்கவும் முடியாது. எயார்பஸ் அதைக் கட்டுவதையே நிறுத்திவிட்டது. 2019 பெப்ரவரியில் அறிவித்தார்கள், 2021 டிசம்பரில் கடைசி விமானம் எமிரேட்ஸுக்கே போனது. மொத்தம் 251 விமானங்களோடு கதை முடிந்தது. அதில் 123 எமிரேட்ஸ் வாங்கியவை. அவ்வளவு வாங்கிய அதே நிறுவனம்தான் கடைசியில் 39 ஏ380களை வேண்டாம் என்று விட்டுவிட்டு, இரண்டு என்ஜின் விமானங்களின் பக்கம் போனது. போயிங் 747 நிலைமையும் அதுதான். 1970இல் சேவைக்கு வந்தது; 1574ஆவது விமானம் 2023 ஜனவரியில் கையளிக்கப்பட்டதோடு தொழிற்சாலை வேலை முடிந்தது. அந்தக் கடைசி விமானமும் சரக்கு ஏற்றுவது. எங்கள் எயார்லங்கா 1990களில் பெருமையோடு வாங்கிய ஏ340 வகையைக் கட்டுவதையும் எயார்பஸ் 2011இலேயே கைவிட்டது. ஆக, நான்கு என்ஜின் போட்ட பெரிய பயணிகள் விமானத்தை இன்று எயார்பஸும் கட்டுவதில்லை, போயிங்கும் கட்டுவதில்லை.

ஏன் இப்படி ஆனது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பு இரண்டு என்ஜின் விமானம், ஏதாவது ஒரு விமான நிலையத்துக்கு 60 நிமிடத் தூரத்துக்குள்ளேயே பறக்க வேண்டும் என்று விதி இருந்தது. கடலைக் கடக்க மூன்று, நான்கு என்ஜின் தேவைப்பட்டது அதனால்தான். 1985இல் அந்த 60 நிமிடம் 120 ஆனது, பிறகு 180. எயார்பஸின் இன்றைய இரண்டு என்ஜின் விமானமான ஏ350க்கு 370 நிமிடம் வரை அனுமதி இருக்கிறது. என்ஜின்களும் பலத்துவிட்டன. ஏ380இன் ஒரு என்ஜின் ஏறத்தாழ 70,000 இறாத்தல் உந்துவிசை தரும். இரண்டு என்ஜின் போயிங் 777-300இஆர் விமானத்தின் ஒரு என்ஜின் 1,15,000 தருகிறது. இரண்டு செய்யும் வேலைக்கு நான்கை ஏன் வைத்திருக்க வேண்டும்? விமானம் பழுது பார்க்கும் கொட்டகையான ஹாங்கரில் நின்றவனுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். எண்ணெய் பார்ப்பது, உள்ளே கமரா விட்டு பிளேட் பார்ப்பது, கழற்றுவது, பூட்டுவது, கையெழுத்து வைப்பது எல்லாம் நான்கு தரம். அப்புறம் 500 இருக்கையை நாள்தோறும் நிரப்ப வேண்டும். டுபாய் மாதிரி உலகம் முழுவதும் மாறி ஏறும் இடத்தில் அது நடக்கும். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு 2017 ஆகஸ்டில் எமிரேட்ஸ் ஏ380 ஒரு நாள் விசேடமாக வந்துவிட்டுப் போனது. அன்றாடம் வந்து போவது இரண்டு என்ஜின் விமானங்கள்தான்.

2007இல் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிய ஏ380ஐ சிங்கப்பூர் எயார்லைன்ஸ் பத்து வருடத்தில் திருப்பிக் கொடுத்தது. வேறு எந்த விமான சேவையும் அதை எடுக்கவில்லை. பிரான்ஸில் வைத்துப் பாகம் பாகமாகப் பிரித்து விற்றார்கள். ஒரு பெரிய விமானத்துக்குப் பத்து வருடம் என்பது இளவயது. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஆனாலும் ஏ380 நாளைக்கே மறையப் போவதில்லை. எமிரேட்ஸ் ஏறத்தாழ 2040 வரை பறக்க விடுவதாகச் சொல்கிறது. ஆகவே விமானத்தின் ஆயுளை விட்டுவிடுங்கள். ஏ380 சான்றிதழை எப்போது வாங்க வேண்டும் என்பதில்தான் உங்களை ஏமாற்றுகிறார்கள்.

விமானப் பராமரிப்பில் முதலில் எடுக்க வேண்டியது அடிப்படை லைசன்ஸ். இயந்திரப் பக்கம் போகிறவர் பி1, மின்னணுப் பக்கம் போகிறவர் பி2. அதற்குப் பிறகு ஒவ்வொரு விமான வகைக்கும் தனித்தனியே எடுப்பது டைப் ரேட்டிங். ஏஜென்சி உங்களுக்கு விற்பது இரண்டாவது, உங்கள் மகனிடம் இல்லாதது முதலாவது. அடிப்படை லைசன்ஸ் கையில் இல்லாதவருக்கு டைப் கோர்ஸ் சான்றிதழ், அத்திவாரம் போடாத காணிக்கு வாங்கி வைத்த கூரை ஓடு.

இதில் அவர்கள் வாய் திறக்காத விடயம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி, டைப் கோர்ஸைத் தொடங்கி முடித்தது எல்லாம், அதை லைசன்ஸில் பதியக் கேட்கும் நாளுக்கு முந்திய மூன்று வருடத்துக்குள் நடந்திருக்க வேண்டும். அடிப்படை லைசன்ஸுக்கோ, அங்கீகாரம் பெற்ற முழுநேரப் பயிற்சிக் கூடத்தில் படித்தால்கூட, படிப்பு முடிய இரண்டு வருட வேலை அனுபவம் காட்ட வேண்டும். படிப்போடு சேர்த்தால் நான்கு வருடம் ஓடிவிடும். அப்படியான கூடத்தில் படிக்காதவருக்கு பி1க்கு ஐந்து வருட அனுபவம் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று ஏ380 கோர்ஸ் முடிக்கும் பிள்ளை லைசன்ஸ் எடுக்கும் நாளில், அந்த 28 லட்சத்துச் சான்றிதழ் காலாவதியாகி அலுமாரிக்குள் கிடக்கும்.

நான் வளைகுடாவில் வேலை செய்த காலத்தில் இதைக் கண்ணால் கண்டேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பி, கையில் இரண்டு டைப் சான்றிதழ், அடிப்படை லைசன்ஸ் இல்லை. இருக்கை உறை கழற்றும் வேலைதான் கொடுத்தார்கள். வட்டிக் கடன் வேறு. அவனுடைய அப்பாவும் உங்களைப் போல முழு நம்பிக்கையோடுதான் காசைக் கட்டியிருக்கிறார்.

ஏ380 ரேட்டிங் யாருக்குமே பயன் இல்லையா என்று கேட்பீர்கள். ஒருவருக்கு உண்டு. ஏற்கெனவே பி1 அல்லது பி2 கையில் வைத்துக்கொண்டு, ஏ380 பராமரிக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர், அல்லது அப்படி ஓர் இடத்திலிருந்து வேலைக் கடிதம் கையில் உள்ளவர். அவருக்கு அது நல்ல முதலீடு, ஏனென்றால் பழைய ஆட்கள் ஓய்வு பெறுகிறார்கள், விமானமோ இன்னும் பல வருடம் பறக்கும். அவரும் மூன்று விடயம் பார்க்க வேண்டும். முதலாவது, என்ஜின். ஏ380இல் இரண்டு வகை என்ஜின் உண்டு: ரோல்ஸ் ரொய்ஸ் ட்ரென்ட் 900, என்ஜின் அலையன்ஸ் ஜிபி7200. லைசன்ஸில் இரண்டும் தனித்தனியாகவே பதியப்படும். எமிரேட்ஸின் பழைய ஏ380களில் ஜிபி7200, பிந்தி வந்தவற்றில் ட்ரென்ட். பிழையான என்ஜினுக்குப் படித்தால் மற்றதுக்கு மறுபடி படிக்க வேண்டும். இரண்டாவது, வகுப்புப் பாடம் மட்டும் போதாது, உண்மையான விமானத்தில் செய்முறைப் பயிற்சி வேண்டும். ஏ380 நிற்காத நாட்டில் அதை எங்கே கொடுக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது, எடுத்த பிறகும் இரண்டு வருடத்தில் ஆறு மாதமாவது அந்த வேலை செய்திருந்தால்தான் விமானம் பறக்கலாம் என்று கையெழுத்து வைக்கும் உரிமை நிற்கும். இந்த மூன்றும் பொருந்தும் ஆள் உங்கள் மகன் அல்ல, இப்போதைக்கு.

ஓடர் என்ற சொல்லைக் கேட்டு மயங்குவதையும் விட வேண்டும். பத்திரிகையில் வரும் ஓடர் வேறு, ஓடுபாதையில் நிற்கும் விமானம் வேறு. போயிங் தன் புதிய விமானமான 777எக்ஸை 2013இல் அறிமுகம் செய்து 2020இல் தருவதாகச் சொன்னது. இப்போது 2027 என்கிறது. எங்கள் நாடும் 2013இல் ஏ350க்கு ஓடர் கொடுத்தது. ஒன்றுகூட எங்கள் சேவையில் சேரவில்லை. எயார்பஸ் 2020 ஜனவரியில் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா மூன்றுக்கும் 360 கோடி யூரோ கட்ட ஒத்துக்கொண்ட லஞ்ச விவகாரத்தில், இலங்கைக் கொள்வனவும், இடைத்தரகருக்குப் போன காசும் எழுத்தில் இருக்கின்றன. நாட்டுக்கு விமானம் வாங்குவதிலேயே தரகர் புகுந்த ஊரில், ஒரு பிள்ளையின் படிப்பில் புகமாட்டானா?

எனக்குப் பொறுக்க முடியாதது இன்னொன்று. படிப்பை விசாரிக்கக் கட்டுநாயக்கவில் உள்ள சிவில் விமான சேவை அதிகார சபைக்குப் போக வேண்டும். வேலை வாக்குறுதியை விசாரிக்கப் பத்தரமுல்லையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். ஏஜென்சிக்காரனோ படிப்பையும் வேலையையும் ஒரே மேசையில், ஒரே ரசீதில், அழகான தமிழில் விற்கிறான். பெற்றவர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டு இரண்டு பக்கமும் பஸ் ஏற வேண்டும். எத்தனை வருடமாக இப்படி?

சரி, இப்போது செய்ய வேண்டியது. நாளைக்கே போய் மகனின் பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேளுங்கள். உயர்தரச் சான்றிதழின் மூலப் பிரதி கொடுத்திருந்தால் அதையும் வாங்குங்கள். காசுக் கதையை அன்றைக்கு எடுக்க வேண்டாம், எடுத்தால் பாஸ்போர்ட்டை இழுத்தடிப்பார்கள். அது கைக்கு வந்த பிறகு, டுபாய் வேலை நிச்சயம் என்பதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். ஏஜென்சியின் அனுமதி இலக்கத்தை வாங்கி, பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள். அனுமதி இல்லை என்றால் 3 லட்சத்து ரசீதோடு பத்தரமுல்லையில் முறைப்பாடு கொடுக்கலாம். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று வடிவாகப் பாருங்கள். ‘பதிவுக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது’ என்று இருந்தால், முறைப்பாட்டுக்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

மகனுக்கு, அங்கீகாரம் பெற்ற பயிற்சிக் கூடம் ஒன்றில் பி1 அல்லது பி2 அடிப்படைப் படிப்பு. கூடத்தின் பெயரை அதிகார சபையிடம் கேட்டு உறுதிசெய்துவிட்டுக் காசு கட்டுங்கள். லைசன்ஸ் வந்த பிறகு முதல் ரேட்டிங் ஏ320 அல்லது ஏ330 ஆக இருக்கட்டும். இரண்டும் கட்டுநாயக்கவில் தினமும் நிற்பவை, கை வைத்துப் பழக ஊரை விட்டுப் போகத் தேவையில்லை.