நீல முக்கோணமும் வயிற்றுப் பிள்ளையும்

கேள்வி: எனக்கு இது மூன்றாம் மாதம். கம்பத்திலிருந்து ஜீப்பில் மெட்டு ஏறி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறேன். மருந்தடிக்கிற நாளிலும் வேலை உண்டு. "டப்பாவில் நீல முக்கோணம்தானே, சிவப்பு இல்லையே" என்கிறார் கங்காணி. சோதனைக்கூடத்தில் நஞ்சுக்கொடியையே வளர்த்து மருந்தைச் சோதிக்கிறார்கள் என்கிறான் தம்பி. நம்பிப் போகலாமா?

பதில்: மருந்தடிக்கிற நாளில் போகாதீர்கள். அந்த முக்கோணம், மருந்து ஒரே தடவையில் உள்ளே போனால் எவ்வளவில் உயிர் போகும் என்பதற்கான அடையாளம். சோதனை எலிகளில் பாதி சாக, உடல் எடையில் கிலோவுக்கு 501 முதல் 5000 மில்லிகிராம் வரை தேவைப்பட்டால் நீலம். வயிற்றுப் பிள்ளை அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

தம்பி சொன்னதும் நிஜம்தான். எலியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம் என்று, கர்ப்பிணிகளும் சாப்பிட்ட தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரை காட்டியது. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961-ல் நிறுத்துவதற்குள் பல்லாயிரம் குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. எலிக்குட்டிகளுக்கோ அந்த ஊனம் வரவில்லை. அதனால்தான் இப்போது மனித செல்களையே வைத்துப் பார்க்கிறார்கள். சின்ன சிலிக்கோன் கட்டிக்குள் மயிரிழை போல இரண்டு வாய்க்கால், நடுவே நுண்துளைச் சவ்வு. ஒருபக்கம் நஞ்சுக்கொடியின் மேற்புறச் செல்கள், மறுபக்கம் சிசுவின் ரத்தக்குழாய்ச் செல்கள். தாய்ப் பக்கம் மருந்தை ஓடவிட்டு, பிள்ளைப் பக்கம் எவ்வளவு சேர்ந்தது என்று அளக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கட்டிக்குக் கல்லீரல் கிடையாது. குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் கல்லீரலில் மாறிய பிறகுதான் முழு வீரியம் பெறும். சோதனைக்கூடத்தில் "கடக்கிறது" என்று வந்தால் பயப்படலாம். "கடக்கவில்லை" என்று வந்தால் அது அந்த அளவுக்கு, அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும். குளோர்பைரிபாஸைத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே கண்டிருக்கிறார்கள்.

ஏலத்தில் மருந்து தூரடியிலும் காய் பிடிக்கிற சரத்திலும் படியும். காய் எடுக்க அங்கேதானே குனிந்து கை விடுகிறீர்கள்? தோல் வழியாகவே ஏறிவிடும். மருந்தடித்த பிறகு டப்பா லேபிளில் சொன்ன நாள் கழியும்வரை ஸ்டோரில் காய் பிரிக்கிற வேலை கேளுங்கள். வீட்டுக்காரரும் மருந்தடிக்கப் போகிறவரானால், அந்தச் சட்டையை அவரே தனியாகத் துவைக்கட்டும்.

இதுவரை போனதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாம் மாத ஸ்கேனில் உறுப்புகளைப் பார்ப்பார்கள். டப்பா லேபிளைப் போனில் படமெடுத்து அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் காட்டுங்கள். அவருக்கு வேண்டியது மருந்தின் பெயர்.