லில் வாலிக்கு வேகம் வராதா?

அன்புள்ள ஐயா,

சிகாகோவின் போலிஷ் கல்யாணங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு போல்கா என்கிற ஆட்ட இசையில் பேர்போன லில் வாலியின் பாட்டுகளைத் தேடிக் கேட்டேன். இரண்டு சந்தேகம். அவர் மடியில் வைத்திருப்பது அக்கார்டியன்தானே, ஏன் கான்செர்டினா என்கிறீர்கள்? இன்னொன்று, அவரை மேதை என்று எழுதியிருந்தீர்கள். நியூயார்க், பென்சில்வேனியா பக்கத்து போல்கா குழுக்கள் பறக்கின்றன, இவர் நடக்கிறார். வேகமாக வாசிக்க வராததைத்தான் பாணி என்று சொல்லிவிட்டீர்களோ?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

முதல் தடவை கேட்டபோது எனக்கும் அப்படித்தான் பட்டது.

வாத்தியத்திலிருந்து வருகிறேன், இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. அவர் மடியில் இருப்பது கான்செர்டினாதான். ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் 1834 வாக்கில் கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஊலிக் செய்த துருத்திப் பெட்டியின் வம்சம் இது. டாங்கோக்காரர்களின் பாண்டோனியன் இதற்குத் தம்பி முறை. சிகாகோவில் ஒரு நண்பர் வீட்டில் ஒன்றை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தேன். பியானோ கட்டை கிடையாது. இரண்டு பக்கமும் பொத்தான்கள், அவற்றுக்கு எண்கள். பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியை அமுக்கினால் ஒரு சுரம், விரலை எடுக்காமல் இழுத்தால் வேறு சுரம். பெரும்பாலும் 52 பொத்தான், 104 சுரம். நம் ஆர்மோனியத்தில் கட்டை எதுவோ அதுதான் சுரம், துருத்தி எப்படிப் போனாலும் சரி. அந்த நினைப்பில் ச ரி க என்று ஏறப் பார்த்தேன். மூன்றாவது சுரத்தில் விரல் ஒரு பக்கம், துருத்தி ஒரு பக்கம். நண்பரின் மாமியார் சமையலறையிலிருந்தே சிரித்தார்.

பழகியவருக்கு இந்தத் தொல்லைதான் லாபம். துருத்தி திசை மாறும்போதெல்லாம் சுரம் ஒரு வெட்டு வெட்டிவிட்டு விழுகிறது. ஆடுபவரின் கால் அந்த வெட்டில்தான் எழும்புகிறது. அக்கார்டியனில் அதைத் தனியாக வரவழைக்க வேண்டும்.

சரி, வேகம். கிழக்குக் கரைக் குழுக்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. எழுதிவைத்த இசைக்கோவை, கிளாரினெட், ட்ரம்பெட், பயிற்சி பெற்ற கைகள். சிகாகோவில் 'ஹாங்கி' என்று சொல்லும் பாணி அதற்கு நேரெதிர். சின்னக் குழு, காதால் பிடித்த பாட்டு, நிதானமான தாளம். (போல்காவே போலந்தில் பிறந்ததல்ல, பொஹீமியாவில் பிறந்தது. ஆனாலும் சிகாகோ போலிஷ்காரர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்காதீர்கள்.)

வாலி 1930இல் சிகாகோவில் பிறந்தவர். சிறுவனாகவே போலிஷ் பிக்னிக்குகளில் பாடினார். அப்புறம் 'போலிஷ் பிராட்வே' என்று பெயர் வாங்கிய டிவிஷன் தெருவின் மதுக்கடைகளில் வாசித்தார். அவர் டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடுபவரும்கூட. தாளமே கையில் இருக்கிற ஆள் வேகம் வராமல் மெதுவாகப் போனார் என்றால் நான் நம்பமாட்டேன். எதிரே நின்றவர்கள் வாரம் முழுக்க இறைச்சிக் கூடங்களிலும் உருக்காலைகளிலும் உழைத்தவர்கள். ராத்திரி வெகுநேரம் ஆட வேண்டும், கூடவே அம்மா, பாட்டி பாடிய கிராமத்துப் பாட்டை வாய்விட்டுப் பாடவும் வேண்டும். பறக்கிற போல்காவில் பாட மூச்சு ஏது?

இப்படி வாசிப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பகலில் வேறு வேலை உண்டு. சனிக்கிழமை கல்யாணம், ஞாயிறு பிக்னிக், திங்கட்கிழமை மறுபடி ஷிப்ட். வாலி அதிலிருந்து தப்பியது 1951இல், 21 வயதில், ஜே ஜே ரெக்கார்ட்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கியதால். 1984இல் வாட்டிகனில் போப் இரண்டாம் ஜான் பால் முன்னால் வாசித்தார். அதை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். எனக்குப் பிடித்தது வேறு. 1959இல் அவர் பாடலாசிரியர் அல் டிரேஸுடன் சேர்ந்து சிகாகோவின் ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்கு ஒரு பாட்டு எழுதினார், கூட்டம் சேர்ந்து பாட வாகான பாட்டு. 2005இல் அந்த அணி சாம்பியன் ஆன வருஷம் ஊரே அதை மறுபடி பாடியது. அடுத்த ஆகஸ்டில் வாலி காலமானார்.