'கீழே' என்பது எந்தப் பக்கம்?

கேள்வி: ஏழை நாடுகளில் அரசு அதிகாரத்தைக் கீழே இறக்கிவிட்டால் வளர்ச்சி தானாக வந்துவிடுமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: 'கீழே' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. கடல் மட்டக் கணக்கில் சென்னைக் கோட்டையைவிட ஆண்டிபட்டி உயரம். ஆனாலும் 'மேலிடத்து உத்தரவு' கோட்டையிலிருந்துதான் வரும். ஊரில் மேல்நிலைத் தொட்டி பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் என்ன, வானத்திலிருந்தா வந்தது? கீழே போர்வெல்லில் இருந்து ஏற்றியது. வரிப்பணமும் அப்படித்தான். நம்மிடம் ஏற்றிக்கொண்டு, அப்புறம் 'மேலிருந்து கொடுத்தோம்' என்று ரிப்பன் வெட்டுகிறார்கள். சரி, தொட்டி இருக்கட்டும். வால்வு யார் கையில்?

உகாண்டாவைப் பாருங்கள். 1991 முதல் 1995 வரை, தொடக்கப் பள்ளிகளுக்குச் சம்பளம் போக, பிள்ளைகளின் தலைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய மானியத்தில் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது சராசரியாக நூற்றுக்கு 13. மிச்சத்தில் பெரும்பகுதி மாவட்ட அதிகாரிகளின் கையோடு நின்றுவிட்டது. மாவட்டமும் 'கீழே'தானே ஐயா! எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்தால்தானே தலைமையாசிரியர் கேட்பார்? பிறகு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று அரசே நாளிதழ்களில் வெளியிட்டது. பள்ளியிலும் ஒட்டச் சொன்னது. 2001இல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது நூற்றுக்கு 80ஐத் தாண்டிவிட்டது. பத்திரிகை மட்டுமே காரணமில்லை என்று சில நிபுணர்கள் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். 'இப்பல்லாம் யார் பேப்பர் படிக்கிறா?' என்று இருபது வருடமாக என்னைச் சீண்டும் மச்சினனுக்கு இந்தப் பக்கத்தை வெட்டி அனுப்பப் போகிறேன்.

மச்சினன் என்றதும் உத்திரமேரூர் ஞாபகம் வருகிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளைச் சொல்வது. நிலமும் வீடும் வேதமும் உள்ள பிராமணர்களுக்கான சபைதான் அது. ஊருக்கே ஓட்டு என்று மேடையில் அளக்க வேண்டாம். ஆனால் மேடையில் குடவோலையோடு நிறுத்திவிடுகிறார்கள், அதற்கு அடுத்த வரிக்கு வருவதே இல்லை. வாரியத்தில் உறுப்பினனாக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி குடத்துப் பக்கமே வர முடியாது. அவன் மட்டுமில்லை, அப்பன், பிள்ளை, மாமனார், மருமகன் எல்லோருக்கும் தடை. மனைவியின் உடன்பிறந்தவனையும் விடவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்பே மச்சினனைப் புரிந்துவைத்திருந்த ஊர்!

எங்கள் தெருமுனையில் புதுச் சாக்கடை கட்டி, பக்கத்துச் சுவரில் மஞ்சள் பெயிண்ட் அடித்து 'பணியின் பெயர்', 'மதிப்பீடு ரூ.' என்று எழுதியிருக்கிறார்கள். எண்ணைப் படிக்கலாம் என்று போனேன். அதன்மேல் ஒரு காதணி விழா போஸ்டர். 'தாய்மாமன்' என்று போட்டிருந்த இடத்தில் என் மச்சினன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான்.