யெட்டர்பியம் யாக் லேசரைத் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

யாக் (யிட்ரியம் அலுமினியம் கார்னெட்) படிகத்தில் யெட்டர்பியம் அயனிகளைக் கலந்து செய்த லேசர் இது. அந்தப் படிகத்தை 77 கெல்வினுக்கு (திரவ நைட்ரஜனின் கொதிநிலை, சுமார் −196 டிகிரி செல்சியஸ்) கொண்டுபோனாலே ஆற்றல் உயர்ந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உயரும். ஆனால் பலன் நிலைப்பதும் கெடுவதும் படிகத்துக்கும் அதைத் தாங்கிக் குளிர்விக்கும் செம்புக்கும் இடையிலுள்ள இணைப்பிலும், இவை இருக்கும் கலத்தின் வெற்றிடத்திலும்தான்.

அறை வெப்பநிலையில் அயனிகளில் ஏறக்குறைய 5 சதவீதம் லேசரின் கீழ் ஆற்றல்மட்டத்திலேயே கிடந்து, லேசர் தரும் 1030 நானோமீட்டர் ஒளியைத் திரும்ப உறிஞ்சும். 77 கெல்வினில் அந்த மட்டம் அநேகமாகக் காலி. உமிழ்வுக் குறுக்குப்பரப்பு, அதாவது ஒரு அயனி ஒளியைப் பெருக்கும் திறன், சுமார் 5 மடங்காகும். வெப்பக் கடத்துதிறனும் பல மடங்கு ஏறுவதால் வெப்பவில்லைத் தொல்லை (சூட்டால் படிகமே வில்லைபோல் ஒளியை வளைப்பது) வெகுவாகக் குறையும். பெருக்கப்படும் அலைநீளங்களின் பட்டை அகலம் சுருங்கிவிடுவதால் மிகக் குறுகிய துடிப்புகள் மட்டும் கிடைக்காது.

செம்பு 77 கெல்வினுக்கு இறங்கும்போது மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் சுருங்கும், யாக் அதைவிடக் குறைவாகவே சுருங்கும். நேரடியாக இறுக்கிப் பிடித்தால் படிகம் விரிசல் விடும், அல்லது தகைவால் ஒளியின் முனைவாக்கம் கெடும். நடுவே மெல்லிய இண்டியம் தகடு வையுங்கள். அந்தக் குளிரிலும் அது மென்மையாகவே இருக்கும். தகட்டில் காற்றிடைவெளி விழுந்தால் அந்த இடம் மட்டும் சூடேறும். குளிர்விப்பதையும் நிதானமாகச் செய்யுங்கள்.

படிகத்துக்கு ஆற்றலூட்டும் 940 நானோமீட்டர் ஒளியில் 500 வாட் உறிஞ்சப்பட்டால், அலைநீள வித்தியாசத்தால் மட்டும் சுமார் 44 வாட் வெப்பமாகும். அதற்கே மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நைட்ரஜன் ஆவியாகும். செம்பின் பரப்பு சிறிதாக இருந்து வெப்பப்பாய்வு சதுர சென்டிமீட்டருக்குப் பத்துப் பதினைந்து வாட்டைத் தாண்டினால், திரவத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே ஆவிப்படலம் எழுந்து வெப்பநிலை சட்டென்று ஏறிவிடும். பரப்பைத் தாராளமாக வையுங்கள்.

கலத்துக்குள் மிஞ்சிய நீராவியும் பம்பு எண்ணெயும் குளிர்ந்த பரப்பைத் தேடிப் படியும். படிகத்தின் முகப்பில் படிந்தால் பூச்சு எரிந்துபோகும். எண்ணெயில்லாத பம்பைப் பயன்படுத்துங்கள். படிகத்துக்கு முன்பே குளிர்ந்துவிடும் இடத்தில் ஆவிகளைப் பிடித்துக்கொள்ளக் கிளர்வுற்ற கரி வையுங்கள். படிகம் அறை வெப்பநிலைக்கு வரும்வரை வெற்றிடத்தை உடைக்கவே கூடாது.

துடிப்பாற்றல் பெரிதென்றால் 77 கெல்வினைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்பது என் கருத்து. படிகம் ஒளியைப் பெருக்குவது மிகுந்தால், அயனிகள் தாமாக உமிழ்ந்து படிகத்தின் பக்கவாட்டில் ஓடும் ஒளியே (தன்னுமிழ்வு), சேமித்த ஆற்றலைத் துடிப்பு வருமுன் தின்றுவிடும். செக் நாட்டு ஹைலேஸ் லேசர் ஆய்வு மையத்தின் பிவோய் என்னும் யெட்டர்பியம் யாக் லேசர் சுமார் 150 கெல்வினில், அழுத்தமேற்றிய ஹீலியம் வாயுவால் குளிர்ந்து, வினாடிக்கு 10 முறை 100 ஜூல் தருகிறது. அதன் படிகப் பலகைகளின் விளிம்பைச் சுற்றிக் குரோமியம் கலந்த யாக் உறை, பக்கவாட்டு ஒளியை உறிஞ்சுகிறது.

ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். அழுத்த விடுவிப்பு வால்வும் ஆக்சிஜன் எச்சரிக்கைக் கருவியும் இல்லாமல் மூடிய அறையில் ஊற்றாதீர்கள்.