கைக்குழந்தையின் கரப்பானில் நீர் வடிகிறதா? – குழந்தை நலம்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு ஐந்து மாதம் ஆகிறது. மூன்றாவது மாதத்தில் கன்னம் சிவந்து சொரசொரப்பானது, கரப்பான் என்றார்கள். டாக்டரிடம் காட்டியதும் ஓர் ஆயின்ட்மென்டும் உடம்பு முழுக்கத் தடவ ஒரு கிரீமும் எழுதிக் கொடுத்தார். ஆயின்ட்மென்டில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் பயந்துபோய் நான்கே நாளில் நிறுத்திவிட்டேன். இப்போது கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் நீர் வடிந்து மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது. ராத்திரியெல்லாம் என் தோளில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுகிறாள். அத்தை வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடச் சொல்கிறார். போடலாமா?
– ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: வேண்டாம் அம்மா. புண்ணான தோலில் எதையும் அரைத்துப் போட வேண்டாம். உங்கள் கடிதம் வந்த அன்றே போனில் சொன்னதுதான், குழந்தையை உடனே டாக்டரிடம் காட்டுங்கள். இதே நிலையில் இருக்கிற மற்ற அம்மாக்களுக்காகத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கரப்பான் உள்ள குழந்தையின் தோல் கீற்று விலகிப்போன கூரை மாதிரி. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போய்விடும், வெளியே இருக்கிற சோப்பு, வியர்வை, தூசி, கிருமி எல்லாம் சுலபமாக உள்ளே இறங்கும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. நம்மில் பலருடைய மூக்கில் ஒரு தொந்தரவும் செய்யாமல் சும்மா குடியிருக்கும். கரப்பான் தோல் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம், குழந்தை சொறிந்து கீறிய இடத்தில் இறங்கிப் பெருகிவிடும். நீர் கசிந்து காய்ந்து தேன் நிறத்தில் பொருக்குக் கட்டுவது அதனால்தான். சுற்றிலும் சிவந்து, தொட்டால் சூடாக இருக்கும். ஒழுங்காக மருந்து போட்டும் இரண்டு மூன்று நாளில் கரப்பான் திடீரென்று மோசமானாலும் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

கொஞ்ச இடத்தில் மட்டும் என்றால் மியூபிரோசின், ஃபியூசிடிக் ஆசிட் போன்ற ஆன்டிபயாட்டிக் களிம்பைச் சில நாள் தடவச் சொல்வார்கள். பரவியிருந்தால், அல்லது குழந்தை சோர்ந்திருந்தால், செஃபலெக்சின் போன்ற சிரப். காய்ந்துவிட்டதே என்று மூன்றாம் நாள் பாட்டிலை மூடி வைக்காதீர்கள், சொன்ன நாள் வரைக்கும் கொடுக்க வேண்டும். அதே சமயம் கரப்பான் சிவந்தபோதெல்லாம் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கவும் கூடாது. நீர் வடியவில்லை, பொருக்கு இல்லை, குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது என்றால் பெரும்பாலும் அது தேவையே இல்லை. அடிக்கடி போட்டால் கிருமி பழகிப்போய், பிறகு உண்மையிலேயே வேண்டியபோது மருந்து வேலை செய்யாது. திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கிற குழந்தைக்கு, புண்ணிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்து எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று சோதித்துப் பார்ப்பது நல்லது.

இனி ஸ்டீராய்டு. கிருமிக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுக் கரப்பானை அப்படியே விட்டால் அரிப்பு நிற்காது, அரிப்பு நிற்காவிட்டால் சொறிவது நிற்காது, சொறிந்த இடத்தில் மறுபடி கிருமி. அதனால் டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பை ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துத் தொடரச் சொல்வார்கள். குழந்தையின் முகத்துக்கு எழுதுவது பெரும்பாலும் 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன், இருப்பதிலேயே மென்மையான வகை. சொன்ன இடத்தில், சொன்ன நாளுக்குப் பூசினால் தோல் மெலியாது, வளர்ச்சி நிற்காது. என்னிடம் வருகிற குழந்தைகளில் மருந்து அதிகமாகிக் கஷ்டப்பட்டவர்களைவிட, பயத்தில் அரைகுறையாகப் போட்டுக் கஷ்டப்பட்டவர்களே அதிகம். உங்களைக் குறை சொல்லவில்லை அம்மா. எவ்வளவு போட வேண்டும் என்று உட்கார வைத்து யாரும் காட்டித் தந்திருக்க மாட்டார்கள், குறை அங்கேதான் இருக்கிறது.

அதை நான் காட்டுகிறேன். உங்கள் ஆள்காட்டி விரலை நீட்டிக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து முதல் ரேகை வரைக்கும் ட்யூபிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். ஐந்து மாதக் குழந்தையின் முகமும் கழுத்தும் முழுக்கச் சிவந்திருந்தாலும் இந்த ஒரு விரல் அளவுக்கு மேல் வேண்டியதில்லை. கரப்பான் கன்னத்தில் மட்டும்தான் என்றால் இன்னும் குறைவு. கடுகளவு எடுத்து முகம் முழுக்க இழுப்பவர்களும் உண்டு, அப்படிப் போட்டால் போட்ட மாதிரியே இருக்காது.

குளியலை நிறுத்த வேண்டாம். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடம் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் காலில் போட்டு உருவிக் குளிப்பாட்டுகிற பழக்கத்தைப் புண் ஆறும் வரை தள்ளி வையுங்கள். கடலை மாவு, பயத்த மாவு, கஸ்தூரி மஞ்சள் எதுவும் வேண்டாம், மாவு எவ்வளவு சலித்தாலும் கீறிய தோலுக்கு அது மணல்தான். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். பொருக்கைப் பிய்க்காதீர்கள். பழைய வேட்டித் துணியைத் துவைத்து, காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பொருக்கின் மேல் பத்து நிமிடம் வைத்திருந்தால் ஊறித் தானாகவே கழன்று வரும். அதன் பிறகு மருந்து போட்டால்தான் உள்ளே இறங்கும். துடைக்கும்போது ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசரைத் தடவிவிடுங்கள். அதற்கும் ஸ்டீராய்டு களிம்புக்கும் நடுவில் கால் மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

அந்த மாய்ஸ்சரைசர் டப்பாவை ஒருமுறை திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல் விட்டு எடுத்த தடம், ஓரத்தில் ஒட்டிய முடி, சில சமயம் பொருக்குத் துணுக்குகூட இருக்கும். புண்ணைத் தொட்ட விரல் டப்பாவுக்குள் போய், டப்பாவிலிருந்து கிருமி மறுபடி கன்னத்துக்கு வரும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள், இனிமேல் சுத்தமான ஸ்பூனில் எடுங்கள், அல்லது ட்யூபாகவே வாங்குங்கள். அளவிலும் கஞ்சத்தனம் வேண்டாம். உடம்பு முழுக்க வறண்ட குழந்தைக்கு வாரம் 100 கிராம்கூடத் தேவைப்படும், 50 கிராம் ட்யூபை ஒரு மாதம் ஓட்டினால் பலன் இருக்காது. விலை அதிகம் என்றால் வெறும் வெள்ளை வாசலின் போதும், வாசனை சேர்க்காததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உலர்ந்த இடத்தில் சுத்தமான தேங்காய் எண்ணெயும் தடவலாம், நீர் வடிகிற இடத்தில் வேண்டாம். ஆலிவ் எண்ணெய், கடுகு எண்ணெய் இரண்டும் கரப்பான் தோலுக்கு ஆகாது.

நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்கள்.

இனி எழுதப் போவதை வீட்டில் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். போன வருடம் ஒரு ஏழு மாதப் பையனைக் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே கரப்பான் இருந்த முகத்தில் திடீரென்று கொப்புளங்கள், கூடவே காய்ச்சல். அம்மை போட்டிருக்கிறது என்று வாசலில் வேப்பிலை கட்டி மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். பயபக்தியோடு செய்தார்கள், அதில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அது அம்மை இல்லை. கொப்புளம் உடைந்த இடமெல்லாம் பேப்பரில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டது போல வட்ட வட்டமாக, ஒரே அளவில், கொத்துக் கொத்தாக இருந்தது. கரப்பான் தோலில் ஹெர்பிஸ் வைரஸ் பரவுகிற நிலை அது. ஆன்டிபயாட்டிக் களிம்புக்கு அடங்காது, அசைக்ளோவிர் என்ற மருந்தை உடனே ஆரம்பிக்க வேண்டும், கைக்குழந்தை என்றால் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பு வழியாகத்தான். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் பார்வைக்கே ஆபத்து, கண் டாக்டரும் பார்த்தாக வேண்டும். சில ஊர்களில் இதை அக்கி என்று சொல்லிக் காவி எழுதக் கூட்டிப் போகிறார்கள். அதற்கெல்லாம் இங்கே நேரமில்லை. நல்லவேளை, அந்தப் பையன் பிழைத்து நன்றாக இருக்கிறான். விசாரித்ததில், தாத்தாவுக்கு உதட்டோரம் சின்னதாக நீர்க்கொப்புளம் இருந்திருக்கிறது, ஆசையாகக் கன்னத்தில் முத்தம் கொடுத்திருக்கிறார். உதட்டில் அப்படிக் கொப்புளம் உள்ள யாரும், அது அம்மாவாகவே இருந்தாலும், ஆறுகிற வரை கரப்பான் குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது.

ஆகவே கரப்பான் குழந்தைக்கு ஒரே மாதிரியான கொப்புளமோ குழிப்புண்ணோ வந்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், சிவப்பு மளமளவென்று பரவினால், கண் வீங்கினால், ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தை என்றால் காய்ச்சல் ஒன்றே போதும்.

கேள்வி: நான் கத்தரிக்காயும் கருவாடும் சாப்பிட்டதால்தான் குழந்தைக்குக் கரப்பான் வந்தது என்கிறார்கள். இரண்டு மாதமாக ரசம் சாதமும் பருப்பும்தான் சாப்பிடுகிறேன். தலைசுற்றுகிறது.
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: இன்றைக்கே வயிறாரச் சாப்பிடுங்கள் தாயி. மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாமே. கரப்பானுக்குக் காரணம் பிறவியிலேயே வருகிற தோலின் தன்மை, பெரும்பாலும் குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமாவோ அடுக்குத் தும்மலோ கரப்பானோ இருந்திருக்கும். அம்மாவின் சாப்பாட்டுக்கும் அதற்கும் மிக அரிதாகத்தான் தொடர்பு. குறிப்பிட்ட ஓர் உணவுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் சீக்கிரமே தடிப்பு, வாந்தி, உதட்டு வீக்கம் என்று வந்தாலோ, மருந்தெல்லாம் ஒழுங்காகப் போட்டும் கரப்பான் அடங்காமல் எடை ஏறாமல் இருந்தாலோ, அலர்ஜி பற்றி டாக்டரிடம் கேட்கலாம். நீங்களாகப் பத்தியம் இருக்காதீர்கள். தலைசுற்றலுக்கு ரத்தச் சோகை இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மெடிக்கலில் கேட்டால் ஒரு களிம்பு தருகிறார்கள், இரண்டே நாளில் பளிச்சென்று ஆகிவிடுகிறது. நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பி வருகிறது. தொடரலாமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: ட்யூபின் பின்பக்கம் சின்ன எழுத்தில் குளோபெடசால் என்று இருக்கிறதா பாருங்கள். அதோடு ஒரு ஆன்டிபயாட்டிக், பூஞ்சைக்கு ஒரு மருந்து என்று மூன்றையும் கலந்து விற்கிறார்கள். குளோபெடசால் இருப்பதிலேயே கடுமையான ஸ்டீராய்டு வகை, ஹைட்ரோகார்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வீரியம். நான் மேலே பயப்பட வேண்டாம் என்று சொன்னது இதற்குப் பொருந்தாது. குழந்தையின் மெல்லிய கன்னத்தில் இது தோலை மெலிய வைக்கும், ரத்தத்தில் கலந்து உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டையே அடக்கிவிடும். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியும் கைமேல் கிடைக்கிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம். பல வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல், ட்யூபையும் கையோடு எடுத்துக்கொண்டு நாளைக்கே டாக்டரிடம் போங்கள், என்ன போட்டீர்கள், எத்தனை நாள் போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: நான்கு மாதப் பையனுக்குக் கரப்பான் என்று மருந்து போடுகிறோம், குறையவே இல்லை. உள்ளங்கை, உள்ளங்காலில்கூடச் சின்னச் சின்னக் கொப்புளம். எனக்கும் அவன் அப்பாவுக்கும் ராத்திரியில் விரலிடுக்கெல்லாம் அரிக்கிறது.
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: கடைசி வரியில் நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ராத்திரியில் அரிக்கிறது, குழந்தைக்கு உள்ளங்காலில் கொப்புளம் என்றால் முதலில் சிரங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு சின்னப் பூச்சி தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது அது, சொறிந்த இடத்தில் சீழும் பிடிக்கும், பார்க்கக் கரப்பான் மாதிரியேதான் தெரியும். டாக்டரிடம் மூன்று பேருமே போய்க் காட்டுங்கள். சிரங்குதான் என்றால் பெர்மெத்ரின் கிரீமை அரிப்பு உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் பூசிக்கொள்ள வேண்டும், குழந்தைக்குத் தலை, முகமும் சேர்த்து எப்படிப் பூசுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. போர்வை, துண்டு, தொட்டில் சேலை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தினமும் பூசிவிடாதீர்கள்.